நாலாவது ஸ்ட்ரோக்

செல்வி விழுந்த பிறகும் அவளுடைய தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. உடம்பு ஒரு பக்கம் சரிந்து கிடக்க, கால் மட்டும் பெடலை அழுத்தியபடி இருந்தது. துணி நழுவிப்போன இடத்தில் ஊசி வெறுமனே டகடகவென்று குத்திக்கொண்டிருந்தது. நான்தான் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன்.

அவள் கைகள் இரண்டும் வெடவெடவென்று நடுங்கின. உதட்டோரம் எச்சில் வழிந்தது. எல்லாப் பெண்களும் எழுந்து சூழ்ந்துகொண்டார்கள். யாரோ தண்ணீர் தெளித்தார்கள்.

முதலாளி வந்து எட்டிப் பார்த்தார். குனியவில்லை.

"காலைல சாப்புடாம வந்திருக்கும் சாமி. இந்தக் காலத்துப் புள்ளைங்க எங்க ஒழுங்காச் சாப்புடுது?"

எனக்கும் அன்று தலை இடித்துக்கொண்டிருந்தது. வயிற்றைப் புரட்டியது. நான் வழக்கத்தை விட இரண்டு இட்லி அதிகமாகவே சாப்பிட்டிருந்தேன்.

போன வாரங்களில் நான் எழுதியதைப் படித்துச் சிரித்ததாகப் பலர் சொன்னீர்கள். இந்த வாரம் சிரிக்க ஒன்றும் இல்லை. இது நடந்து வருடங்கள் சில ஓடிவிட்டன. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

பின்னறை

வெண்ணந்தூரில் உள்பாவாடை தைக்கும் சின்னக் கம்பெனி அது. எனக்கும் என் கணவர் லூர்துவுக்கும் சொந்த ஊர் சேலம். என் வேலைக்காக அங்கே குடி போயிருந்தோம். அவர் சங்ககிரியில் லாரி டிரைவர். மாதத்தில் பாதி நாள் வடக்கே ஏதாவது ஒரு ஊரில் இருப்பார்.

எங்கள் கூடம் நீளமானது, காங்கிரீட் கூரை. ரோட்டுப் புழுதி வெள்ளைத் துணியில் படியும் என்று முதலாளி ஜன்னல்களைச் சாத்தியே வைத்திருப்பார். கரண்ட் போனால் ஓட ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர் உண்டு. முதலில் அது வெளியே தகரக் கொட்டகையில்தான் இருந்தது. யாரோ அதிலிருந்து பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டு போனார்கள். உடனே முதலாளி அதைத் தூக்கி, துணிக்கட்டு அடுக்கும் பின்னறைக்குள் வைத்துவிட்டார். பின்னறைக்கும் கூடத்துக்கும் நடுவில் நிலை உண்டு, கதவு கிடையாது. செல்வி விழுந்த அன்று காலையிலிருந்தே கரண்ட் இல்லை, அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

நிலைக்குப் பக்கத்தில் முதல் மெஷின் செல்வியுடையது. அதற்கு அடுத்தது என்னுடையது.

முதலாளி கத்துகிற ஆள் இல்லை. சின்னப் பெண் முதல் வயசான அம்மா வரை எல்லோரையும் "சாமி" என்றுதான் கூப்பிடுவார். திட்டுகிற முதலாளியைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். சாமி சாமி என்று கூப்பிட்டபடியே கழுத்தை நெரிப்பவரை என்ன செய்வது?

ஆஸ்பத்திரியில் விழுந்த வார்த்தை

முதலாளியின் காரிலேயே செல்வியை ராசிபுரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பின் சீட்டில் அவள் தலை என் மடியில் இருந்தது. கார் கண்ணாடியை இறக்கி விட்டதால் காற்று அடித்தது. போகும் வழியிலேயே அவள் கண்ணைத் திறந்துவிட்டாள். "அக்கா, மெஷின ஆப் பண்ணுனீங்களா?" என்று கேட்டாள்.

டூட்டி டாக்டர் என்ன நடந்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் முதலாளி முந்திக்கொண்டார்.

"புள்ளைக்கு வலிப்பு வருமாட்ட இருக்குதுங்க டாக்டர். முன்னயும் வந்திருக்குமுங்க. ஊட்டுல மறைச்சுத்தான் வேலைக்கு அனுப்பியிருக்காங்க."

"இல்லைங்க டாக்டர், அப்படி எதுவும்…" என்றேன். டாக்டர் அதற்குள் எழுத ஆரம்பித்துவிட்டார். குளுக்கோஸ் ஏற்றினார்கள், வலிப்பு மாத்திரை கொடுத்தார்கள், சாயங்காலம் அனுப்பிவிட்டார்கள்.

செல்விக்குக் குமாரபாளையத்தில் மாப்பிள்ளை முடிவாகி, பூ வைக்க நாள் குறித்திருந்தார்கள். அந்த ஒரு வார்த்தை பஸ் ஏறிக் குமாரபாளையம் போக அதிக நாள் ஆகவில்லை. மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு போன் வந்தது. இப்போதைக்கு வேண்டாம் என்றார்கள். காரணம் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

செல்வியின் அம்மா விசைத்தறி ஓட்டுபவர். என் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவே மாட்டேன் என்றுவிட்டார்.

"எம் புள்ளைக்கு ஒரு நாளும் வலிப்பு வந்ததில்ல அமலி. இப்பத் தெருவுல போனாப் புள்ளைங்கள உள்ள இழுத்துக்கறாங்க. நான் எத்தன ஊடு ஏறிப் போயி இல்லைன்னு சொல்றது சாமி?"

அடுத்த நாளே முதலாளியிடம் கேட்டேன். கரண்ட் போகிற நாளில் மட்டும் எங்கள் எல்லோருக்கும் தலை வலிக்கிறது, ஜெனரேட்டரை வெளியே வையுங்கள் என்றேன். அவர் மறுக்கவில்லை. ஜெனரேட்டர் ரிப்பேர் பார்க்கிறவரைக் கூப்பிட்டார். வந்தவர் மூடியைத் திறந்தார், மூடினார், ஓட விட்டார். சைலன்சர் முன்னால் கையை ஆட்டிக் காட்டினார்.

"ஏனுங்க, பொகையே இல்லீங்களே. இது ஃபோர் ஸ்ட்ரோக்குங்க. டூ ஸ்ட்ரோக்காட்டம் ஆயில் கலந்து எரியறதில்ல. கண்ணாடியாட்டம் சுத்தமுங்க."

"பாத்தியா சாமி?" என்றார் முதலாளி.

கண்ணுக்கு எதிரே புகை இல்லை. அந்த "ஃபோர் ஸ்ட்ரோக்" என்ற சொல் மட்டும் மீன்முள் போலத் தொண்டையில் சிக்கிக்கொண்டது. அது எனக்குத் தெரிந்த சொல்.

நாலு கட்டம், முழு மதிப்பெண்

பன்னிரண்டாம் வகுப்பு வரை அறிவியல் படித்தவள் நான். இயற்பியல் வகுப்பில் கரும்பலகையில் எஞ்சின் படமாக நாலு கட்டம் போடுவார்கள். உறிஞ்சுதல், அமுக்குதல், வேலை, வெளியேற்றம். பிஸ்டன் கீழே, மேலே, கீழே, மேலே; ஒவ்வொன்றும் ஒரு ஸ்ட்ரோக். படத்துக்குப் பாதி மதிப்பெண், பாகம் குறிக்கப் பாதி. அம்புக்குறி போட மறந்தால் குறைப்பார்கள். நான் அம்புக்குறியை ஸ்கேல் வைத்துப் போட்டு முழு மதிப்பெண் வாங்கினேன்.

பிஸ்டன் எதற்காக இரண்டு தடவை மேலே போக வேண்டும் என்று ஒருத்தி கேட்டாள். "பரீட்சையில அதெல்லாம் வராது, உக்காரு" என்றார் ஆசிரியை. அவள் உட்கார்ந்தாள். நாங்களும் உட்கார்ந்தோம்.

வேதியியலில் இன்னொன்று வரும். கார்பன் மோனாக்சைடு: நிறமற்றது, மணமற்றது, நச்சுத்தன்மை உடையது. ஒரு மதிப்பெண்.

ஒன்று காலையில், மற்றது மதியம். இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய சுவர். அந்தச் சுவரைக் கட்டியவர்கள் மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் தீரவில்லை. செல்வி விழுந்த அன்று இரண்டு பாதியும் என் மண்டைக்குள்தான் கிடந்தன. ஒட்டவே இல்லை. நிறமும் மணமும் இல்லாத ஒன்றை எழுதி மார்க் வாங்கியவள், "புகையே இல்லையே" என்று ஒருவர் சொன்னதும் வாயடைத்துப் போய் நின்றேன்.

மொட்டை மாடியில்

லூர்து வடக்கேயிருந்து திரும்பி, லுங்கிகூட மாற்றி முடிக்கவில்லை. பிடித்துக்கொண்டேன்.

"எத்தனை வருசமா லாரி ஓட்டறீங்க? எஞ்சினுக்குள்ள என்ன நடக்குதுன்னு சொல்லுங்க."

"கியர் போட்டா போகுது, பிரேக் புடிச்சா நிக்குது. உள்ள எவன் பாத்தான்?"

"நான் பாக்கணும்."

என் முகத்தைப் பார்த்தார். அடுத்த முறை சங்ககிரியிலிருந்து வரும்போது, பழைய இரும்புக் கடையில் கிடந்த மோட்டார் பைக் எஞ்சின் ஒன்றைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மொட்டை மாடிக்கு ஏற்றினோம். செங்கல் அண்டக்கொடுத்து நிறுத்தினோம். போனில் ஒரு தமிழ் வீடியோ. பேசுகிறவர் "வணக்கம் நண்பர்களே" என்று ஆரம்பித்து விஷயத்துக்கு வருவதற்குள் ஒரு நட்டைக் கழற்றிவிடலாம். முதலில் இருவருமாகச் சேர்ந்து ஒரு போல்ட்டை உடைத்தோம். லூர்து கெட்ட வார்த்தை சொன்னார். பூசைக்குப் போய்வந்த வாயால் சொல்லாதீர்கள் என்றேன். சிறிது நேரத்தில் நானே சொன்னேன்.

மேல் மூடி கழன்றதும் உள்ளே ஒரு தண்டு. அதில் முட்டை போல உப்பிய மேடுகள். மேடு வந்து அழுத்தினால் வால்வு திறக்கிறது. விலகினால் ஸ்பிரிங் அதை இழுத்து மூடுகிறது. ஒரு வால்வு காற்றும் பெட்ரோலும் உள்ளே வர, மற்றது வெளியே போக. கீழே உள்ள பெரிய தண்டையும் இதையும் ஒரு செயின் இணைக்கிறது. பல்லை எண்ணிப் பார்த்தேன். மேல் சக்கரத்தில் இரண்டு மடங்கு பல். கீழே இரண்டு சுற்று சுற்றினால் மேலே ஒரு சுற்று. ஆக, பிஸ்டன் இரண்டு தடவை மேலே போய் வருவதற்குள் ஒவ்வொரு வால்வும் ஒரே ஒரு தடவைதான் திறக்கும்.

படத்தில் இருந்ததுதான். ஆனால் படம் அசையாது.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிய ஓட்டையில் என் கட்டை விரலை வைத்து அடைத்தேன். லூர்து கிக்கரைக் கையால் மெதுவாக அமுக்கினார். பிஸ்டன் மேலே ஏறியது. டப்பென்று விரலைத் தள்ளிவிட்டது.

"இன்னொருக்கா."

மறுபடி மேலே ஏறியது. இந்த முறை விரலைத் தள்ளவில்லை. ஒன்றுமே இல்லை.

"லீக்கா?" என்றார்.

மறுபடி. தள்ளியது. மறுபடி. தள்ளவில்லை. ஒன்று விட்டு ஒன்று. தள்ளாத தடவை அந்தக் காற்றெல்லாம் எங்கே போகிறது? சைலன்சர் மாட்டுகிற ஓட்டையில் இடது உள்ளங்கையைக் கொண்டுபோய் வைத்தேன்.

கையில் வந்து அடித்தது. புஸ்ஸென்று ஒரு மூச்சு. எடுத்துப் பார்த்தால் உள்ளங்கையில் கரி வட்டம்.

வெயிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முதல் தடவை மேலே போவது அமுக்குவதற்கு. அமுக்கினால்தான் பற்ற வைக்கும்போது பலமாக வெடிக்கும். அந்த வெடிப்பு பிஸ்டனைக் கீழே தள்ளுவதுதான் வேலை. இரண்டாம் தடவை மேலே போவது எரிந்ததை வெளியே தள்ளுவதற்கு. தள்ளாவிட்டால் அடுத்த மூச்சுக்கு உள்ளே இடம் கிடையாது. கேட்டு உட்கார வைக்கப்பட்ட அந்தப் பெண்ணுக்கு இவ்வளவுதான் பதில். ஒரு நிமிடம் ஆகியிருக்குமா சொல்ல?

பிறகு கணக்குப் போட்டோம். இந்த ஊர் கரண்டுக்கு ஏற்ற மாதிரி ஓடும் அந்த மாதிரி ஜெனரேட்டர் நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்று சுற்ற வேண்டும். இரண்டு சுற்றுக்கு ஒரு வெளிமூச்சு. நிமிடத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு முறை அது எங்கள் கூடத்துக்குள் மூச்சு விட்டிருக்கிறது. பெட்ரோல் முழுசாக எரிய நிறையக் காற்று வேண்டும். போதாத இடத்தில் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடாக வரும். ஜன்னல் சாத்திய கூடத்தில், தான் விட்டதையே அது திரும்ப உறிஞ்சுகிறது. காற்றில் ஆக்சிஜன் குறையக் குறைய அந்த நச்சு கூடுகிறது. சுத்தமான எஞ்சின், கண்ணாடி மாதிரி எஞ்சின், புகையே இல்லாத எஞ்சின்.

"உன் மொதலாளி மூஞ்சில இத எடுத்துட்டுப் போயி வெக்கணும்" என்றார் லூர்து, கரி படிந்த என் கையைப் பார்த்தபடி.

அஸ்தம்பட்டி டாக்டர்

செல்வியைச் சேலத்துக்குக் கூட்டிப்போனேன். அஸ்தம்பட்டியில் ஒரு பெண் டாக்டரிடம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது, ஜன்னல் எப்படி இருக்கும், யாருக்கு எந்த நாளில் தலைவலி, வெளிக்காற்றில் எப்படித் தெளிகிறது. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார்.

"ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு போய், ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சுலபத்தில் விடாது. அப்படி மயங்கும்போது கை கால் வெட்டி இழுக்கவும் செய்யும். அன்றைக்கே ரத்தத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இப்போது தெரியாது. ஜெனரேட்டரைப் பற்றி ஏன் யாரும் சொல்லவில்லை?"

"யாரும் கேக்கலைங்க டாக்டர்" என்றாள் செல்வி.

மூளைக்கு ஒரு பரிசோதனை எடுத்தார்கள். வலிப்புக்கான அறிகுறி எதுவும் இல்லை. மாத்திரையை நிறுத்தச் சொன்னார். திரும்பும் பஸ்ஸில் மல்லூர் தாண்டும்போது செல்வி, "இத யாருகிட்டக்கா காட்டறது? ஊர்ல ஒவ்வொருத்தரு கதவையும் தட்டியா காட்டறது?" என்றாள்.

பராமரிப்பு நாள்

மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரத்தை நிறுத்துவார்கள். முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். அந்த நாளுக்காகக் காத்திருந்தேன். போனில் தேடி, கார்பன் மோனாக்சைடு இருந்தால் அலறுகிற சின்னக் கருவி ஒன்றை வரவழைத்திருந்தோம். சோப்பு டப்பா அளவுதான் இருக்கும்.

ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்துச் சற்று நேரம் ஆனதும், பெண்களை எல்லாம் வெளியே போகச் சொன்னேன். காரணத்தை முன்பே சொல்லியிருந்தேன். எழுந்து போனார்கள். மெஷின் சத்தம் நின்றதைக் கேட்டு முதலாளி ஓடி வந்தார்.

"வேல நேரத்துல என்ன கூத்து சாமி இது?"

செல்வியின் காலி மெஷின் மேல் கருவியை வைத்தேன்.

"கொஞ்ச நேரம் இங்க நில்லுங்க மொதலாளி. நானும் நிக்கறேன். இது கத்தலைன்னா நான் நாளையில இருந்து வரல."

"பொம்மையக் கொண்டாந்து வெச்சுட்டு…" என்று சிரித்தார். ஆனால் நின்றார். வெளியே இருந்து எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதனால் நின்றார்.

ஒன்றும் நடக்கவில்லை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பழுதான கருவியோ என்று பயந்தேன். முதலாளி நெற்றியின் இரண்டு பக்கத்தையும் விரலால் தேய்க்க ஆரம்பித்தார். தேய்க்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை. நாங்கள் மாதக்கணக்காகத் தேய்த்த அதே இடம்.

கருவி அலறியது. காது கிழிகிற மாதிரி, நிற்காமல்.

அவர் வெளியே ஓடினார். நான் பின்னறைக்குப் போய் ஜெனரேட்டரை அணைத்துவிட்டு வந்தேன். வாசலில் நின்று மூச்சு வாங்கியபடி அவர் சொன்னார்:

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமுல்ல சாமி?"

வாழ்க்கையில் ஒருவரை அறைய வேண்டும் என்று என் கை தானாக எழுந்தது அந்த ஒரு முறைதான். பிடித்து இறக்கிக்கொண்டேன்.

ஒரு வாக்கியம்

மறுநாள் காலையில் ஜெனரேட்டர் பழையபடி தகரக் கொட்டகைக்குப் போய்விட்டது. பூட்டுப் போட்ட கம்பிக் கூண்டும் வந்திருந்தது. ஒரே நாளில் செய்ய முடிந்த வேலை அது.

"போதுமா சாமி?" என்றார் முதலாளி.

"செல்வி ஊட்டுக்குப் போயி, நான் வலிப்புன்னு சொன்னது பொய்யின்னு நீங்க சொல்லணும். தெருவுல நின்னு சொல்லணும்."

"முடிஞ்சு போனத எதுக்கு சாமி கிளறிட்டு? போயி மெஷின ஓட்டு."

நான் நின்றேன். அப்போதுதான் கவனித்தேன். கரண்ட் இருந்தது, மின்விசிறி சுற்றியது, ஒரு மெஷினும் ஓடவில்லை. எல்லோரும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்களில் மூத்தவர் பாப்பாத்தியக்கா. முதலாளிக்கு எதிரே அவர் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

"நீங்க போயிட்டு வாங்க மொதலாளி" என்றார் பாப்பாத்தியக்கா. "நாங்க உக்காந்திருக்கறோம்."

மதியம் வரை பார்த்தார். லாரிக்கு ஏற்ற வேண்டிய சரக்கு பாதியில் கிடந்தது. கடைசியில் காரை எடுத்தார். இரண்டு தெரு தள்ளித்தான் செல்வி வீடு, அதற்குக் கார். நாங்கள் நடந்தே பின்னால் போனோம்.

தெரு முழுக்கத் தறிச் சத்தம். அவர் வாசலில் நின்று ஏதோ முணுமுணுத்தார். செல்வியின் அம்மா வெளியே வந்தார்.

"தறிச் சத்தத்துல ஒன்னும் கேக்கலீங்க. இருங்க."

உள்ளே போய்த் தறியை நிறுத்தினார். பக்கத்து வீட்டிலும் நிறுத்தினார்கள். எதிர் வீட்டிலும். ஒவ்வொன்றாக நின்று, பகலில் அந்தத் தெரு அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. வாசலுக்கு வாசல் ஆட்கள்.

"இப்பச் சொல்லுங்க."

"செல்விக்கு வலிப்பு இல்லீங்க. ஜெனரேட்டர்ல வந்த வெசக் காத்து. நாந்தான்… தெரியாமச் சொல்லிட்டேன்."

தெரியாமல் சொன்னது இல்லை அது. எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் சொன்னார்.

குமாரபாளையத்திலிருந்து

அந்த வாக்கியமும் பஸ் ஏறிப் போனது. சில வாரம் கழித்து மாப்பிள்ளையின் அம்மா ஒரு தட்டில் பூவும் பழமுமாக வந்தார். செல்வியின் அம்மா என்னையும் கூப்பிட்டிருந்தார். வந்தவர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். செல்வி காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரே நின்றாள்.

"அதான் வலிப்பு இல்லீன்னு ஆயிருச்சல்ல சாமி" என்றார் அந்த அம்மா. "இனி என்ன தடை? நல்ல நாள் பாத்துரலாம்."

"இருந்திருந்தா?" என்றாள் செல்வி.

"என்ன சாமி?"

"நெசமாவே வலிப்பு இருந்திருந்தா? இல்ல, கல்யாணத்துக்கு அப்பறம் வந்திருந்தா?"

அந்த அம்மா செல்வியின் அம்மாவைப் பார்த்தார். செல்வியின் அம்மா மகளைப் பார்த்தார். அதட்டுவார் என்று நினைத்தேன். அதட்டவில்லை.

"பதில் சொல்லிட்டுக் காப்பி குடிங்க" என்றாள் செல்வி.

காப்பி ஆறிக்கொண்டிருந்தது. அந்த அம்மா குடிக்காமலே டம்ளரைக் கீழே வைத்தார்.